ஆகஸ்ட் 16-ஆம் தேதி காணாமல் போகிறவர்



இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. காரணம் காஸ்ட் அக்கவுண்டிங். அதைச் சொல்லி உங்களையும் அழ வைக்க வேண்டாம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன லீவில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் போயிருந்தேன். இன்டர்ன்ஷிப் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். கட்டுக் கட்டாக வரும் வவுச்சர்களை டேலியில் ஏற்ற வேண்டும். நடுவில் டீ வாங்கி வர வேண்டும். அவ்வளவுதான். ஒரு நாள் ஒரு பள்ளிக்கூடத்தின் கட்டு வந்தது (நான் படித்த பள்ளி இல்லை). அதில் சைடு டிரம் ஆறு, பெரிய டிரம் ஒன்று, பியூகிள் நான்கு வாங்கிய பில் இருந்தது. அவையெல்லாம் சொத்துக் கணக்கில் போய் உட்கார்ந்தன. இனி வருடா வருடம் அவற்றுக்குத் தேய்மானம் போடுவார்கள். அடுத்து ஒரு சின்ன வவுச்சர். "பேண்டு மாஸ்டர், ஆகஸ்ட், ரொக்கம்". பெயர் இல்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் ஏதோ ஒரு கிறுக்கல்.

"சார், இது சம்பளத்துல வருமா?" என்று கேட்டேன்.

"சம்பளப் பட்டியல்ல பேர் இருக்கா? இல்லல்ல? இதர செலவுல போடு."

போட்டேன். அதற்கு முந்தைய வவுச்சர் ஷாமியானா வாடகை. பிந்தையது மிட்டாய். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர்.

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஏனென்றால் அந்த மாதிரி ஒருவர்தான் எனக்கு மூன்று வருடம் டிரம் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சரி, கொசுவத்தியைச் சுற்றுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதனூர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா தாண்டி, ஆம்பூர் வருவதற்கு முன்னால் வருகிற ஊர். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருபவர்கள் ஆம்பூர் பிரியாணிக்குத்தான் கண் விழிப்பார்கள் என்பதால் எங்கள் ஊரைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை :-) ஒரு பக்கம் பாலாறு. காலையில் ரோட்டோரம் முழுக்க ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக டிபன் பாக்ஸுடன் நிற்கும் அக்காக்கள். எங்கள் அப்பாவுக்கு டேனரியில் வேலை. இந்தச் சுற்று வட்டாரத்தில் தோலைத் தொடாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

2017 ஜூன். நான் ஏழாம் வகுப்பு. பி.டி. சார் வகுப்புக்குள் வந்து, "உயரமா இருக்கிறவன்லாம் வெளியே வா" என்றார். போனோம். உயரமாக இருந்தது தவிர எனக்கும் இசைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வெளியே வேப்பமரத்தடியில் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி. அதில் சாய்ந்துகொண்டு ஒல்லியாக ஒருவர். அவர்தான் மாஸ்டர். மற்ற எல்லோரும் எங்களுக்கு சார், மிஸ். அவர் மட்டும் மாஸ்டர். அந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் மூன்று வாரம் டிரம்மைக் கண்ணிலேயே காட்டவில்லை. பழைய டயர் நான்கைந்தை வரிசையாகப் போட்டு, அதன் மேல் குச்சியால் தட்டச் சொன்னார். பாடம் இதுதான்: மம்மி, டாடி. "மம்மி" என்றால் வலது கையால் இரண்டு அடி. "டாடி" என்றால் இடது கையால் இரண்டு அடி. மம்மி டாடி மம்மி டாடி... பன்னிரண்டு வயசுப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "சிரிச்சிகினே அடிங்கடா, நிறுத்தாதீங்க" என்றார். மெதுவாகத் தொடங்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தனித்தனி அடிகள் காணாமல் போய் ஒரே இழுப்பாக உறுமும். அதுதான் ரோல். கொடியேற்றத்தில் கேட்டிருப்பீர்களே, அது. அவ்வளவு கம்பீரமான சத்தத்துக்குள் ஒளிந்திருப்பது அம்மா அப்பாதான் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

அவர் சொல்லிக் கொடுத்த இன்னும் சிலவற்றை எழுதி வைக்கிறேன். பெரிய டிரம்மின் அடி இடது கால் தரையில் விழும் நொடியில் விழ வேண்டும். அது அரை நொடி பிசகினால் பின்னால் வரும் இருநூறு பேரின் காலும் பிசகும். நிமிடத்துக்கு 120 அடி. "ஒரு செகண்டுக்கு ரெண்டு கால். வாட்ச்சைப் பாரு, வேற ஒண்ணும் வேணாம்" என்று தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுப்பார். பியூகிளில் பொத்தான் எதுவும் கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்தான் சுரம் மாற்ற வேண்டும். அதில் புழங்குவதே ஐந்தாறு சுரங்கள்தான். "அஞ்சு நோட்டை வெச்சிகினு ஒரு பட்டாளத்தையே எழுப்பலாம்டா" என்பார்.

ஒரு வருடம் ஆகஸ்ட் 15 காலையில் தூறல். எங்கள் பள்ளியில் இருந்த பெரிய டிரம் பழையது, நிஜத் தோல் போட்டது. அடித்தால் 'டம்' என்று வர வேண்டியது 'தொப்' என்று வந்தது. தலைமையாசிரியர் முகம் மாறிவிட்டது. மாஸ்டர் பதறவில்லை. சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் நாலு தென்னை ஓலையைக் கொளுத்தி, டிரம்மைத் தூரத்தில் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். பத்து நிமிடத்தில் தோல் விறைத்துக்கொண்டது. "எங்கப்பா பறைக்கு இப்டிதான் காட்டுவாரு" என்று ஒரே ஒரு வரி சொன்னார். அவர் தன் வீட்டைப் பற்றிச் சொன்னது மூன்று வருடத்தில் அது ஒன்றுதான்.

அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். நம்ம டேனரித் தோலைப் போட்டிருந்தால் நனைந்தாலும் பிரச்சினை வராதே என்று. அப்பா சிரித்தார். "டேனரியில பதப்படுத்துனா தோல் மெத்துனு ஆயிடும். ஷூவுக்கு ஆகும், சத்தம் வராது. டிரம்முக்குப் போடறது வெறும் காய வெச்ச தோலு. அதனாலதான் ஈரத்துல தொய்யுது, சூட்டுல இழுக்குது." பிளாஸ்டிக் தோல் 1957 வாக்கில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த பிறகுதான் மழைக்கும் டிரம்முக்கும் இருந்த பகை தீர்ந்தது என்று பிற்பாடு படித்தேன். எங்கள் பள்ளிக்கு அது வந்து சேர ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனது, அது வேறு கதை.

இப்போது செப்டம்பர் 5-க்கு வருகிறேன். ஆசிரியர் தினம். வகுப்புக்கு வகுப்பு காசு சேர்த்து எல்லா ஆசிரியர்களுக்கும் பேனா, ரோஜாப்பூ கொடுத்தோம். அந்தப் பட்டியலில் மாஸ்டர் பெயர் இல்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அன்றைக்கு அவர் பள்ளியிலேயே இல்லை. அவர் வருவது ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் 15 வரை. அப்புறம் டிசம்பரில் ஸ்போர்ட்ஸ் டேவுக்காக வந்து ஜனவரி 26 வரை இருப்பார். (அந்த முதல் வருடம் மட்டும் புது பேண்டு என்பதால் ஜூனிலேயே கூப்பிட்டிருந்தார்கள்.) ஆகஸ்ட் 16-ஆம் தேதி டிரம்கள் ஸ்டோர் ரூமுக்குப் போகும். மாஸ்டர் எங்கே போவார்?

எங்கே போவார் என்பது எனக்கு 2019-இல் தெரிந்தது. அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களுடன் மாதனூர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு சாவு ஊர்வலம் வந்தது. பூப்பல்லக்கு, பட்டாசு, முன்னால் பேண்டு செட். சிவப்பு கோட்டு, சாயம் போன மஞ்சள் ஜரிகை, தலையில் தொப்பி. டிரம்பெட்டை வானத்தைப் பார்த்துத் தூக்கி ஊதிக்கொண்டு வந்தவர் எங்கள் மாஸ்டர்.

"டேய், உங்க மாஸ்டருடா! சாவுக்கு ஊதுறாரு!" என்று ஒருத்தன் சத்தமாகச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் ஊதிக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் சட்டென்று நின்றிருந்த பஸ்ஸுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

எதற்கு ஒளிந்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது தெரியும். பள்ளி மைதானத்தில் அவர் என் மாஸ்டர். ரோட்டில் அவரைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கோட்டும் அந்த ஊர்வலமும் யாருடைய வேலை என்று ஊர் வைத்திருக்கிற கணக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே எனக்குள் ஏறியிருந்தது.

சில மாதம் கழித்து ஸ்போர்ட்ஸ் டே பயிற்சிக்கு வந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. திட்டுவார் என்று நினைத்தேன். பயிற்சி முடிந்து குச்சிகளை எண்ணி வாங்கும்போது மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல நீதானடா நின்ன? இன்னா... நாங்க நடந்தது எப்டி இருந்துச்சு? கால் ஒண்ணா வுழுந்துச்சா?"

"நான் இல்ல மாஸ்டர்" என்றேன்.

"அப்டியா, சரி" என்றார். அவ்வளவுதான்.

2020 ஜனவரி 26 தான் நாங்கள் கடைசியாக அடித்தது. மார்ச்சில் பள்ளிகள் மூடின. பத்தாம் வகுப்பு ஆல்பாஸ். பிறகு வேறு பள்ளி, கல்லூரி, காமர்ஸ். டிரம் குச்சியை எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை.

நிற்க.

அந்த வவுச்சரைப் பார்த்த பிறகு, பள்ளியில் இசை சொல்லிக் கொடுத்தவர்களை உலகத்தில் யாராவது மதித்திருக்கிறார்களா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் மதித்திருக்கிறார்கள். 1923-இல் சிகாகோவில் பள்ளி பேண்டுகளுக்கான தேசியப் போட்டி முதன்முதலாக நடந்தது. பின்னணியில் இருந்தவர்கள் வாத்தியக் கருவி தயாரிப்பாளர்கள். முதல் உலகப்போர் முடிந்து பட்டாளத்து பேண்டுகள் குறைந்ததும் அவர்களுக்குப் புது வாடிக்கையாளர் தேவைப்பட்டார்கள். பள்ளிக்கூடத்தைப் பிடித்தார்கள். (காமர்ஸ்காரனுக்கு இந்த இடம் மட்டும் நன்றாகப் புரிகிறது.) வியாபாரத்துக்காகத் தொடங்கியதுதான். ஆனாலும் அதிலிருந்து பேண்டு வகுப்பு என்பது ஒரு பாடமாகி, பேண்டு மாஸ்டர் என்பவர் முழுநேர ஆசிரியரானார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நாற்பது வருடத்துக்கும் மேல் பேண்டு நடத்திய ஆல்பர்ட் ஆஸ்டின் ஹார்டிங் என்பவரிடம் பயின்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளில் சொல்லிக் கொடுத்தார்கள். மார்ச் இசைக்குப் பேர்போன ஜான் பிலிப் சூசாவின் இசைப் பிரதிகளில் பெரும்பகுதி அந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போனது. அலபாமா மாநிலத்தில் டிராய் பல்கலைக்கழகத்தில் பேண்டு நடத்துனர்களுக்கென்று ஒரு புகழ் மண்டபமே இருக்கிறது. ஒரு பள்ளி இசை வாத்தியாரை நாயகனாக்கி 1995-இல் 'மிஸ்டர் ஹாலண்ட்ஸ் ஓபஸ்' என்று ஒரு படமும் வந்தது.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். பேண்டு நமக்குப் புதிது இல்லை. தஞ்சாவூரை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி தன் அரண்மனையில் மேற்கத்திய பேண்டு ஒன்று வைத்திருந்தார். அவர் சேர்த்த மேற்கத்திய இசைப் பிரதிகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அதே காலத்தில் சென்னையில், கோட்டைப் பட்டாளத்து பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துசாமி தீட்சிதர் அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டு சுரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்களே, அவைதான். 'சந்ததம் பாஹிமாம்' என்பது இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டின் மெட்டு என்று தெரிந்தபோது கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. தீட்சிதரின் தம்பி பாலுசாமிக்கு வயலின் சொல்லித் தர, மணலி முதலியார் அந்தக் கோட்டையிலிருந்த ஒரு ஐரோப்பியரை ஏற்பாடு செய்தார் என்று சொல்வார்கள். கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்த வாசல்களில் அது முக்கியமானது. இன்றைக்கு வயலின் இல்லாமல் ஒரு கச்சேரி உண்டா? முதலியாரின் பெயர் இருக்கிறது. மாணவனின் பெயர் இருக்கிறது. நான் படித்த எதிலும் சொல்லிக் கொடுத்தவர் "ஒரு ஐரோப்பியர்" மட்டும்தான். இருநூறு வருடத்துக்கு முன்னாலேயே அவரை இதர செலவுகளில் போட்டுவிட்டார்கள்!

பெயர் தப்பியவர்களும் உண்டு. சென்னையில் மேற்கத்திய இசை சொல்லிக் கொடுத்த தன்ராஜ் மாஸ்டரின் பெயர் இன்றும் நிற்கிறது. காரணம், அவரிடம் நொட்டேஷன் கற்ற இளையராஜா அதைச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான். 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது எனக்கு அந்த மாஸ்டர் நினைவுதான் வந்தது. அவரும் சார் இல்லை, மாஸ்டர்தான் என்பதைக் கவனித்தீர்களா? மாணவன் அவ்வளவு உயரத்துக்குப் போனால்தான் வாத்தியாரின் பெயர் தப்பிக்கும் என்றால், என்னைப் போல காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் வைக்கும் மாணவர்களின் மாஸ்டர்கள் கதி என்ன?

அரசுப் பள்ளிகளின் நிலைமையையும் பார்த்தேன். 2012-இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி என்று பல பாடங்களுக்கு. வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 2024-இல் 12,500 ஆனது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்த போராட்டங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்காவது ஒரு எண்ணிக்கை இருக்கிறது, போராட ஒரு பெயர் இருக்கிறது. தனியார் பள்ளிகளுக்கு வருடத்தில் மூன்று மாதம் மட்டும் வந்து போகும் பேண்டு மாஸ்டர்களை எந்தப் பட்டியலும் எண்ணுவதாக எனக்குத் தெரியவில்லை. மத்தியக் கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் சேர்ந்து தேசிய அளவில் பள்ளி பேண்டு போட்டி நடத்துகின்றன. குடியரசு தினத்தை ஒட்டி டெல்லியில் இறுதிச் சுற்று. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல விஷயங்கள்தான். கோப்பை பிள்ளைகளுக்கு. போட்டோ தலைமையாசிரியருக்கு.

இதற்கு நடுவில் ஒரு செய்தி. 2025-இல் பத்மஸ்ரீ விருது வாங்கியவர்களில் மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் ஒருவர். அவர் அடிப்பவர் மட்டுமில்லை, எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர். பெயரிலேயே ஆசான். சாவுக்குப் பறையடிப்பதைச் சிலரின் தலையில் சாதிக் கடமையாகக் கட்டி வைத்திருந்த ஊர்கள் நம்முடையவை. அதைத் தூக்கிப் போடப் போராடியவர்கள் எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்திலும் உண்டு. அந்தக் கருவியைச் சாவு வீட்டுக்கு மட்டும் என்றில்லாமல் எல்லோரும் கற்கும் கலையாகக் கொண்டுபோனவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். எங்கள் மாஸ்டரின் அப்பா பறையை விட்டார். மகன் டிரம்பெட்டை எடுத்தார். கருவி மாறியது, கோட்டு வந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்ற எங்கள் சிரிப்பு மட்டும் மாறவில்லை.

அந்தச் செய்தியைப் படித்த மறுநாள், பேண்டில் என்னோடு பியூகிள் ஊதியவனிடம் விசாரித்து, மாஸ்டரைத் தேடிக்கொண்டு போனேன். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அதே எக்ஸ்.எல். வாசலில் நின்றது. தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். "பெரிய டிரம்மு!" என்றார். என் பெயர் அவருக்கு ஞாபகமில்லை. எனக்கு என்ன கருவி கொடுத்தார் என்பது ஞாபகம் இருந்தது.

கொரோனாவில் இரண்டு வருடம் பள்ளியும் இல்லை, கல்யாணமும் இல்லை, சாவுக்குக்கூடக் கூட்டம் கூடாது. அந்த நேரத்தில் டேனரியில் தோல் மூட்டை தூக்கியிருக்கிறார். அப்பா போகும் அதே ரோட்டில்தான். எங்களுக்குத் தெரியாது. இப்போது மறுபடியும் மூன்று பள்ளிக்குப் போகிறார். ஒரு பள்ளியில் பெண்களுக்கு மட்டும் தனி பேண்டு. "பொம்பளப் புள்ளைங்க ரோல் அடிச்சா அவ்ளோ சுத்தமா வருதுடா, உங்க பேட்ச்செல்லாம் சும்மா" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

கொண்டுபோன சால்வையை எடுத்தேன். ஆம்பூரில் வாங்கியது, நூற்றைம்பது ரூபாய். அவர் கையால் தடுத்தார். "இத வெச்சிகினு நான் இன்னாடா பண்றது? காசு இருந்தா ஒரு பெரிய டிரம்முக்குத் தோலு வாங்கிக் குடு. பிளாஸ்டிக் தோலு. அந்தப் பொண்ணுங்க ஸ்கூல்ல கிழிஞ்சி கெடக்குது, அட்டைய ஒட்டி அடிக்குதுங்க."

அப்புறம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "மாஸ்டர், அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல நின்னது நான்தான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "தெரியும்டா" என்றார்.

"கால் ஒண்ணாதான் வுழுந்துச்சு மாஸ்டர்."

அவர் சிரித்தார். "பொய் சொல்ற. பின்னாடி ரெண்டு பேரு குடிச்சிருந்தானுங்க, எப்டி ஒண்ணா வுழும்?"

எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே வேறு ஏதோவும்.

உங்களைப் பற்றி எழுதப் போகிறேன், பெயரைப் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "பள்ளிக்கூடத்தைப் பத்தி ஏதோ சொல்லிட்டேன்னு நெனச்சிப்பாங்க. அடுத்த வருசம் கூப்புட மாட்டாங்க." அதனால்தான் இவ்வளவு தூரம் எழுதியும் அவர் பெயர் இதில் இல்லை. மதிப்பதற்காக எழுதிய கட்டுரையிலும் அவர் பெயர் இல்லாத வவுச்சராகவே இருக்கிறார் என்பது எனக்கு உறுத்துகிறது. பெயரைப் போட்டால் பிழைப்புப் போகும் என்று ஒரு வாத்தியார் பயப்படும் வரைக்கும் எந்தச் சால்வைக்கும் அர்த்தம் இல்லை.

பி.காம். படிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு நிறுவனம் தானாக வளர்த்துக்கொண்ட குட்வில்லைச் சொத்தாகக் கணக்கில் காட்டக் கூடாது. கணக்கியல் தரம் 26 அப்படித்தான் சொல்கிறது. நம்பகமாக அளக்க முடியாது என்பது காரணம். சரி, நியாயம்தான். ஆனால் அளக்க முடியாதது வேறு, இல்லாதது வேறு. பள்ளி விழாவுக்கு வருகிற பெற்றோர் மனதில் முதலில் பதிவது வாசலில் நிற்கும் பேண்டு. விளம்பர நோட்டீஸில் அச்சடிக்கும் படமும் அதுதான். அதைச் செய்தவரைச் சம்பளப் பட்டியலில் எழுதுவதற்கு எந்தக் கணக்கியல் தரமும் குறுக்கே நிற்கவில்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஆசிரியர் தினப் பட்டியலில் ஒரு பேனா கூடுதலாக வாங்குங்கள். அந்த நாளில் அவர் பள்ளியில் இருக்க மாட்டார், அதனால் வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். ரோட்டில் பார்த்தால், கல்யாணமோ சாவோ, எந்த ஊர்வலமாக இருந்தாலும், முன்னால் போய் நில்லுங்கள். "மாஸ்டர்" என்று கூப்பிடுங்கள். நிர்வாகத்தில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால், வருடம் முழுக்க வாரத்துக்கு ஒரு வகுப்பு என்று அவரை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று வாரத்தில் கவாத்து வரும். இசை வர வருடம் வேண்டும்.

எங்கள் பழைய பேண்டில் பதினொரு பேரைப் பிடித்துவிட்டேன். ஆளுக்கு இருநூறு ரூபாய். டிரம் தோலுக்குப் போதும், மிச்சத்துக்கு நாலு ஜோடி குச்சியும் வரும் போலிருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை வேலூர் போய் வாங்கப் போகிறோம். நம்மை நம்பினால் தப்பான அளவில் வாங்கி வருவோம் என்று மாஸ்டரும் கூட வருகிறார்.

உங்கள் பள்ளியில் பேண்டு இருந்ததா? மாஸ்டரின் பெயர் ஞாபகம் இருக்கிறதா? அவருக்குச் சங்கடம் வராது என்றால் சொல்லுங்கள். ஞாபகம் இல்லை என்றால், கூடப் படித்தவர்களிடம் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.